தயாரிப்பு இல்லாத டிஎன்டி செஷன்: கேரக்டர் ஷீட்டை வைத்தே சிக்கல்களைச் சரிசெய்யும் வழிகள்

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு) செஷன் தொடங்கப் போகிறது, எழுதி வைத்தது ஒன்றுமில்லை. அல்லது நீங்கள் எழுதி வைத்த குகைப் பக்கமே போகாமல் பிளேயர்கள் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) உட்காரும் எல்லோருக்கும் இந்த நிலை வரும். அந்த நேரத்தில் புதிதாக ஒரு ஊர், ஒரு வில்லன், ஒரு மர்மம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மேஜைமேல் கிடக்கும் கேரக்டர் ஷீட்களை, அதாவது ஒவ்வொரு பிளேயரும் தன் கேரக்டரின் விவரங்களை எழுதிய தாள்களை, எடுத்துப் படியுங்கள். தங்களுக்கு எது பிடிக்கும் என்பதைப் பிளேயர்கள் அதில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். தயாரிப்பு இல்லாத செஷன் தடுமாறினால், அந்தத் தாளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

சிக்கல்களை, அவை மேஜையில் எப்படித் தெரியுமோ அந்த விதமாகவே பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். விதிகள் டிஎன்டி ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். எடுத்துக்காட்டுக்கு ஒரு குழுவை வைத்துக்கொள்வோம் (பின்னணி என்பது கேரக்டரின் சாகசத்துக்கு முந்தைய வாழ்க்கை): டோர்கா, ட்வார்ஃப் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்பவர்), அகோலைட் (கோயில் ஊழியர்) பின்னணி. மில்லோ, ஹாஃப்லிங் ரோக் (தந்திரமும் திருட்டுத்தனமும் தெரிந்த ஆள்), கிரிமினல் பின்னணி. செலின், ஹாஃப்-எல்ஃப் வார்லாக், நோபிள் பின்னணி. அவளுக்குச் சக்தி கொடுப்பது ஒரு ஃபீண்ட், அதாவது சாத்தான் போன்ற ஒரு தீய சக்தி. ராட்கர், மனித ஃபைட்டர், சோல்ஜர் பின்னணி.

"ஒரு மணி நேரத்தில் செஷன், கையில் ஒன்றுமே இல்லை"

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கேரக்டருக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். இவருக்கு யாரைத் தெரியும்? யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? எதை அடைய நினைக்கிறார்? எதைக் கண்டு ஒதுங்குகிறார்? ஷீட்டில் இருப்பதை வைத்து மட்டும் நிரப்புங்கள். சில இடம் காலியாக இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம் இரண்டு வேறு கேரக்டர்களிடமிருந்து ஒவ்வொன்றை எடுத்து ஒன்றோடொன்று மோதவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்த ஆள், இன்னொருவருக்கு முக்கியமான பொருள். கிரிமினல் பின்னணி உள்ள மில்லோவுக்கு நம்பகமான ஒரு தொடர்பாள் உண்டு. அது விதியிலேயே இருக்கிறது. அகோலைட்டான டோர்காவுக்குத் தன் கோயிலில் எப்போதும் இடமும் இலவச சிகிச்சையும் கிடைக்கும், அதுவும் விதிதான். இப்போது மோதவிடலாம்: மில்லோவின் தொடர்பாள் ஒரு பெட்டியைக் கொடுத்து, "விடியறதுக்குள்ள ஊருக்கு வெளியே கொண்டு போய்டு" என்கிறான். பெட்டிக்குள் டோர்காவின் கோயில் தூபக்கால் இருக்கிறது. அதை விற்றது யார்? கோயிலின் தலைமை குருவே. அவர் ஏன் விற்றார் என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். யாரோ அவரை மிரட்டுகிறார்கள் என்ற அளவுக்கு நினைத்துக்கொண்டால் போதும். ராட்கரின் பழைய படைப்பிரிவு அந்த மிரட்டலுக்குப் பின்னால் இருக்கலாம் என்று தாளின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு குறித்து வையுங்கள். பிளேயர்கள் தோண்டினால் அது உண்மையாகும், தோண்டாவிட்டால் இன்னொரு நாளைக்கு உதவும்.

செலினை இதில் இழுக்காதீர்கள். நான்கு பேரையும் ஒரே முடிச்சில் கட்டினால் உலகம் சுருங்கிப்போகும். அவளுக்கான முறை அடுத்த செஷனில் வரட்டும்.

தொடக்கக் காட்சியை நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு கிழவர் வருகிறார் என்று போனால் அரை மணி நேரம் வீணாகும். பெட்டி மில்லோவின் தோளில் ஏற்கெனவே இருக்கிறது, தெருமுனையில் இரண்டு காவலர்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், பெட்டிக்குள்ளிருந்து டோர்காவுக்குப் பழக்கமான சாம்பிராணி வாசம் வருகிறது. என்ன செய்கிறீர்கள்? அவ்வளவுதான், செஷன் ஓடத் தொடங்கிவிட்டது.

"ஷீட்டில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன, பின்கதையே இல்லை"

இந்தப் புகாரைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் எண்களும் பொருட்களும் சொல்வதைக் கேட்டுப் பார்த்தால் பின்கதை எழுதாத பிளேயரிடமும் நிறையக் கிடைக்கும்.

முதலில் பொருட்களின் பட்டியல். சோல்ஜர் பின்னணியில் வருபவரிடம் படைப்பதவிச் சின்னமும், வீழ்ந்த எதிரியிடமிருந்து எடுத்த ஒரு நினைவுப்பொருளும் தொடக்கத்திலேயே இருக்கும்: ஒரு குத்துவாள், உடைந்த கத்தி, அல்லது கொடியின் ஒரு துண்டு. ராட்கரின் பிளேயர் "எனக்குப் பின்கதை இல்லை, நான் சும்மா அடிக்கிற ஆள்" என்றாலும், அவர் பையில் இறந்துபோன ஒருவரின் கொடித்துண்டு இருக்கிறது. அந்தக் கொடியை அடையாளம் காணும் ஒரு பெண் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் போதும். நோபிளிடம் முத்திரை மோதிரமும் வம்சாவளிச் சுருளும் இருக்கும். சுருளைக் காட்டினால் மரியாதை கிடைக்கும். ஆனால் அதில் யார் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது? ஹெர்மிட்டிடம் (துறவி) குறிப்புகள் திணித்த ஒரு சுருள்பெட்டி. செயிலரிடம் ஐம்பது அடி பட்டுக் கயிறும் ஒரு அதிர்ஷ்டப் பொருளும். இவை ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்குப் போதும்.

அடுத்து மொழிகள். கூடுதலாக ஒரு மொழி தெரிந்தால், அதை யாரோ கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். ரோக் எல்லோருக்கும் தீவ்ஸ் கேன்ட் (திருடர்களின் ரகசியப் பேச்சு) தெரியும். அதை மில்லோவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால் ஒரு என்பிசி (டிஎம் நடிக்கும் துணைக் கதாபாத்திரம்) பிறந்துவிடுவார்.

அப்புறம் குறைந்த எண். டிஎம்கள் உயர்ந்த எண்களையே பார்க்கிறார்கள். ராட்கருக்கு கரிஸ்மா (பிறரை ஈர்க்கும் ஆளுமை) வெறும் 8 என்றால், படையில் அவருக்கு ஏன் பதவி உயர்வு தாமதமானது என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் அதைப் பிளேயரே சொல்ல வேண்டும், டிஎம் அவர்மேல் ஒட்டக்கூடாது.

கேரக்டரின் வகுப்பிலேயே (கிளெரிக், வார்லாக் போன்ற வகை) உறவு ஒளிந்திருப்பதும் உண்டு. வார்லாக்கின் சக்தி ஒரு ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு. கிளெரிக்குக்கு ஒரு தெய்வம், பாலடினுக்கு ஒரு சபதம். பிளேயர் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் இவர்களுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014 புத்தகத்தில் ஒவ்வொரு பின்னணிக்கும் குணம், இலட்சியம், பந்தம், குறை என்று பகடை உருட்டித் தேர்ந்தெடுக்கும் பட்டியல்கள் உண்டு. 2024 திருத்தப் பதிப்பில் பின்னணிகளுக்கான அந்தப் பட்டியல்களை எடுத்துவிட்டார்கள். புதிய விதியில் ஆடினாலும் பழைய பட்டியலிலிருந்து பந்தம், குறை இரண்டை மட்டுமாவது எழுதச் சொல்லுங்கள். தயாரிப்பில்லாமல் நடத்தும் டிஎம்முக்கு அந்த இரண்டு வரிகள் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

"பின்கதை பத்துப் பக்கம், எங்கே தொடுவது என்று தெரியவில்லை"

முழுவதையும் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். முடியாமல் நிற்பதை மட்டும் தேடுங்கள். தந்தை இறந்தார், பழிவாங்கியாகிவிட்டது, ஊர் திரும்பியாகிவிட்டது என்றால் அந்தக் கதை முடிந்துவிட்டது; அதைத் தொட்டால் பழைய நினைவைப் பேசும் காட்சிதான் கிடைக்கும். தங்கை எங்கே போனாள் என்று தெரியாது, கடிதத்துக்குப் பதில் வரவில்லை, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் திறந்த கதவுகள். பத்துப் பக்கத்தில் இப்படி ஒன்றிரண்டுதான் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் பிளேயரிடமே கேட்கலாம்: "இதுல இன்னும் முடியாம இருக்கிறது எது?"

"கேள்வி கேட்டால், 'தெரியலை, நீங்களே சொல்லுங்க' என்கிறார்கள்"

தயாரிப்பு இல்லாத செஷனின் பாதி வேலை கேள்வி கேட்பதுதான், அதனால் இந்தச் சிக்கலுக்கு நேரம் செலவிட்டே ஆக வேண்டும். பிளேயருக்குக் கற்பனை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வி அகலமாக இருந்தால் யாருக்கும் வாய் அடைத்துப்போகும். "உன் கேரக்டரோட கடந்தகாலத்தைப் பத்திச் சொல்லு" என்பது நேர்முகத் தேர்வில் கேட்பது போல இருக்கிறது. பிளேயர் தயங்குவார், மற்றவர்கள் அவரையே பார்ப்பார்கள், அவர் இன்னும் தயங்குவார்.

நல்ல கேள்வியில் பாதிப் பதிலை நீங்களே வைத்துவிடுகிறீர்கள். உண்மை ஒன்றைச் சொல்லி, அதன் ஒரு சின்ன மூலையை மட்டும் பிளேயரிடம் விடுங்கள்.

"மில்லோ, இந்தக் காவலனை உனக்குத் தெரியும். இவன்கிட்ட நீ ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கே. என்ன பொய்?"

"டோர்கா, இந்தத் தூபக்காலை நீ தினமும் துடைச்சிருக்கே. அதுல உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கீறல் இருக்கு. அது எப்படி வந்துச்சு?"

"ராட்கர், எதிர்ல வர்ற ஆள் உன் பழைய படையோட சீருடையில இருக்கான். சீருடையில ஏதோ ஒண்ணு தப்பா இருக்கு. என்ன?"

இந்த மாதிரி கேட்டால் பதில் தானாக வரும். "தெரியலை" என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. அதோடு, கிடைக்கும் பதில் உங்கள் காட்சிக்குள்ளேயே விழுகிறது. மில்லோ என்ன பொய் சொன்னானோ, அது அடுத்த நிமிடமே காவலனின் வாயிலிருந்து வரப்போகிறது.

அப்படியும் ஒருவர் தடுமாறினால் இரண்டு வாய்ப்புகள் கொடுங்கள்: "அவன் உனக்குக் கடன் பட்டிருக்கானா, இல்ல நீ அவனுக்கா?" அதுவும் சிரமமென்றால் பக்கத்திலிருக்கும் பிளேயரிடம் கேளுங்கள்: "செலின், மில்லோ இந்தக் காவலனைப் பார்த்ததும் முகம் மாறுறதை நீ கவனிக்கிறே. ஏன்னு நினைக்கிறே?" செலினின் ஊகம் சரியா தப்பா என்பதை மில்லோவின் பிளேயர் முடிவு செய்யட்டும்.

பதிலை உடனே பயன்படுத்துங்கள். பிளேயர் சொன்ன ஒரு விவரம் அதே செஷனில் திரும்பி வராவிட்டால், அடுத்த முறை அவர் யோசித்துப் பதில் சொல்ல மாட்டார். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். கேட்டுவிட்டு மறந்துபோகும் கேள்வியைவிடக் கேட்காமலே இருப்பது நல்லது.

"ஒருவருடைய கதை ஓடும்போது மற்றவர்கள் போனை நோண்டுகிறார்கள்"

காட்சியில் அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். செலின் தன் தந்தையோடு பேசுகிறாள். மற்ற மூவரும் கதவருகே நிற்கிறார்கள். இதில் அவர்கள் என்ன செய்வார்கள்?

மற்றவரின் விருப்பம் ஒன்றை அந்த அறைக்குள் கொண்டு வாருங்கள். செலினின் தந்தை வீட்டுச் சுவரில் ராட்கரின் கொடித்துண்டோடு சேர்ந்த மீதிக்கொடி தொங்குகிறது. அல்லது தந்தை செலினிடம் பேசாமல் டோர்காவிடம் பேசுகிறார்: "நீங்க கோயில்காரங்க, நீங்களே சொல்லுங்க, என் மகள் யாரோட ஒப்பந்தம் போட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" இப்போது டோர்கா பொய் சொல்வாளா, தோழியைக் காட்டிக் கொடுப்பாளா என்று மேஜையே காத்திருக்கும். பின்கதை ஒருவருடையது, முடிவெடுப்பவர் இன்னொருவர். இந்த ஏற்பாடு எனக்கு ஏமாற்றம் தந்ததே இல்லை.

குழு பிரிந்து கிடந்தால் காட்சிகளைச் சின்னதாக வெட்டி மாற்றி மாற்றிப் போங்கள். பகடை உருட்ட வேண்டிய நொடியில் வெட்டுவது நல்ல இடம்.

"பின்கதையைத் தொட்டதும் பிளேயரின் முகம் வாடிப்போனது"

இங்கே நிறுத்தி, மெதுவாகப் படியுங்கள். மற்றச் சிக்கல்கள் செஷனைக் கெடுக்கும். இது நட்பைக் கெடுக்கும்.

முகம் வாடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிளேயர் எழுதியதை டிஎம் மாற்றிவிட்டார். அம்மா பாசமானவர் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் அம்மாவையே வில்லனாக்கிவிட்டீர்கள். திடீர்த் திருப்பமாக உங்களுக்குத் தெரிந்தது அவருக்குப் பறிமுதல் செய்ததாகத் தெரியும். எழுதியதன்மேல் சேர்க்கலாம், எழுதியதை அழிக்கக்கூடாது. அம்மா பாசமானவர்தான், ஆனால் பிள்ளைக்காக யாரிடமோ ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றால் அவர் எழுதியது அப்படியே நிற்கிறது, கதையும் கிடைக்கிறது. குடும்பத்தைக் காட்சிக்கு வெளியே கொன்றுவிட்டுச் செய்தியாகச் சொல்வதை அறவே விட்டுவிடுங்கள். நேசிப்பவர் எல்லோரும் சாகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த கேம்பெயினில் (பல செஷன்களாக ஓடும் தொடர்கதை) எல்லோரும் அநாதைக் கேரக்டர்களோடு வருவார்கள். எடுத்துப் பயன்படுத்த உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது காரணம், காட்சி அந்த மனிதரின் சொந்த வாழ்க்கையை எங்கோ தொட்டுவிட்டது. எழுதித் தயாரித்த செஷனில் இதை முன்கூட்டியே யோசிக்கலாம், உடனுக்குடன் உருவாக்கும் செஷனில் யாருக்கும் முன்னெச்சரிக்கை கிடையாது. அதனால் ஏற்பாடு முதலிலேயே வேண்டும். கதையில் வரவே கூடாதவை எவை, விவரிக்காமல் திரைமறைவில் நடந்தால் பரவாயில்லை என்பவை எவை என்று தொடக்கத்திலேயே பேசி எழுதுங்கள். மேஜை நடுவில் ஒரு எக்ஸ்-கார்ட் வையுங்கள்: யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்த விஷயத்தை நீக்கிவிட்டுத் தொடர வேண்டும். நடந்த பிறகு என்றால், செஷனை ஐந்து நிமிடம் நிறுத்தி, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். காட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

"முன்னால் சொன்னதும் இப்போது சொல்வதும் மோதுகின்றன"

ஓடும்போதே உருவாக்கினால் இது வரும். ஒவ்வொரு புது என்பிசிக்கும் ஒரு வரி எழுதும் பழக்கம் போதும்: பெயர், என்ன வேண்டும், கடைசியாக எங்கே இருந்தார். அடுத்த செஷன் தொடக்கத்தில் போன முறை நடந்ததைப் பிளேயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் நினைவில் நின்றதுதான் கதை. மற்றதை நீங்கள் தாராளமாக மாற்றலாம்.

ஏற்கெனவே மோதிவிட்டது, பிளேயரும் கண்டுபிடித்துவிட்டார் என்றால், "நல்லா கவனிச்சே" என்று சொல்லுங்கள். தலைமை குரு தூபக்கால் திருட்டுப் போனதாகச் சொன்னார். இன்று அவர் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, அவர் இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்லியிருக்கிறார். ஏன்? அது புதிய துப்பாகிவிடும். ஆனால் உலகத்தைப் பற்றிய சாதாரணத் தகவலில் தவறு வந்தால் இப்படிச் சமாளிக்காதீர்கள். ஆறு வடக்கே ஓடுகிறதா தெற்கேயா என்பதைத் திருத்திவிட்டுப் போய்விடலாம்.

"எல்லாமே தற்செயல் போல இருக்கிறது"

போகிற ஊரில் எல்லாம் மில்லோவின் பழைய கூட்டாளி நிற்கிறான், வில்லன் எல்லாம் செலினின் உறவு என்று ஆனால் பிளேயர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். ஒரு கை தள்ளிப் பிடியுங்கள். ராட்கரின் தளபதியே வர வேண்டாம். தளபதியிடம் பணம் வாங்கிய கொல்லன் வரட்டும். செலினின் ஃபீண்டே தோன்ற வேண்டாம். அதே ஃபீண்டோடு ஒப்பந்தம் செய்து இப்போது வருந்தும் ஒரு விவசாயி வரட்டும். அந்த விவசாயியைப் பார்ப்பது செலினுக்கு ஃபீண்டைப் பார்ப்பதைவிட அதிகமாக உறுத்தும்.

"சண்டை வந்துவிட்டது, எதிரிக்கு எண்கள் இல்லை"

மூன்று வரி போதும். டிஎன்டியின் அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 இலவசமாகக் கிடைக்கிறது. 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் இருக்கிறது. அதிலிருந்து பேண்டிட் (ஏசி, அதாவது தாக்குபவர் பகடையில் எட்ட வேண்டிய எண், 12; ஹெச்பி, அதாவது உயிர் எண், 11), தக் (ஏசி 11, ஹெச்பி 32), வெட்டரன் (ஏசி 17, ஹெச்பி 58) மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், கீழ்நிலைக் குழுவுக்கு எதிராக வரும் மனிதர்களில் பெரும்பாலோரைச் சமாளிக்கலாம். வெட்டரன் முதல் லெவல் குழுவுக்கு மிகக் கடினம், அதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றச் சோதனைகளுக்கு டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 10 எளிது, 15 நடுத்தரம், 20 கடினம்.

எண்களைவிடச் சண்டைக்கு ஒரு நோக்கம் வேண்டும், அதையும் ஷீட்டிலிருந்தே எடுக்கலாம். எதிரிகள் கொல்ல வரவில்லை, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓட வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ராட்கரின் படைச்சின்னத்தைப் பார்த்துத் தயங்குகிறான். சோல்ஜர் பின்னணிக்கு உள்ள பதவி மரியாதை அப்போது சண்டைக்குள்ளேயே பயன்படுகிறது.

"செஷன் முடிவுக்கே வரமாட்டேன் என்கிறது"

முடிக்க வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி முன்பு கடிகாரத்தைப் பாருங்கள். அதற்குமேல் புதிய என்பிசி, புதிய இடம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே மேஜையில் இருப்பதில் இரண்டு விருப்பங்களை எதிரெதிராக நிறுத்துங்கள்: தூபக்காலைத் திருப்பிக் கொடுத்தால் தலைமை குரு மாட்டிக்கொள்வார், கொடுக்காவிட்டால் மில்லோவின் தொடர்பாள் மாட்டிக்கொள்வான். யாரைக் காப்பாற்றுவது என்று குழு சண்டை போட்டு முடிவெடுக்கும். அந்த முடிவோடு செஷனை நிறுத்துங்கள்; விளைவு அடுத்த முறை.

கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: "நாளைக்குக் காலையில உன் கேரக்டர் முதல்ல யாரைப் பார்க்கப் போறார்?" நான்கு பதிலையும் அப்படியே எழுதி வையுங்கள். இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அடுத்த செஷனின் முதல் காட்சி அந்த ஆளின் வீட்டுத் திண்ணையில்தான்.